எண்ணெய்க்குக் கிலோ, பெட்ரோலுக்கு லிட்டர்

மலேசியாவில் சமையல் எண்ணெயைக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் தாமான் மளிகைக் கடையில் ஒரு கிலோ பாக்கெட், மூன்று கிலோ போத்தல், ஐந்து கிலோ போத்தல் என்றுதான் அடுக்கியிருக்கும். அரசாங்க உதவித்தொகையில் வரும் ஒரு கிலோ பாக்கெட் இரண்டு வெள்ளி ஐம்பது காசு. 2016 நவம்பரிலிருந்து அந்த உதவித்தொகை இந்தப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று ஆனதால், பாதித் தாமானின் அடுப்பு இதை நம்பித்தான் எரிகிறது.

பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பாக்கெட்டை ஒரு லிட்டர் போத்தலில் ஊற்றி வைப்பவர். ஒரு நாள் வேலியோரம் நின்று கேட்டார்: "ஏன் தம்பி, போத்தல் நெறஞ்ச பெறகும் பாக்கெட்டுல எப்பவும் கொஞ்சம் மிச்சம் இருக்கே, அது எப்படி? கூடப் போட்டு அனுப்பறாங்களா?" கூடப் போடவில்லை. செம்பனையிலிருந்து எடுக்கும் சமையல் எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. நம் ஊர்ச் சூட்டில், அதாவது 30 டிகிரியில், ஒரு கிலோ எண்ணெய் ஏறக்குறைய 1,105 மில்லிலிட்டர் இடம் பிடிக்கும். ஒரு லிட்டர் போத்தல் நிறைந்த பிறகு மிஞ்சும் நூறு மில்லிலிட்டர்தான் அக்கா பார்த்தது.

அவரிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "அப்படின்னா நேரா லிட்டர்லயே வித்தா என்ன?" என் பிழைப்பே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. நான் கிள்ளான் துறைமுகத்தில் செம்பனை எண்ணெய் அளக்கும் சர்வேயர். கரையில் நிற்கும் டாங்கிகளிலும் கப்பலின் டாங்கிகளிலும் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று அளந்து, விற்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு தாளில் டன் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. இத்தனை ஆண்டு அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு: எத்தனை டிகிரியில் என்று சொல்லாத லிட்டர், பாதி சொன்ன கணக்கு.

சிலாங்கூரில் இந்த எண்ணெய்க்கு நூறாண்டு தாண்டிய வரலாறு இருக்கிறது. 1917-இல் கோலா சிலாங்கூர்ப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில்தான் செம்பனையை முதன்முதலாக வணிகப் பயிராக நட்டார்கள். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இன்று எங்கள் ஊரிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் காரோட்டினால் பண்டார் பாரு பாங்கியில் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தலைமையகம் வந்துவிடும். மேற்கே போனால் கிள்ளான் துறைமுகம். ஆலையிலிருந்து லோரிகளில் வரும் எண்ணெய் அங்கே பெரிய எஃகு டாங்கிகளில் இறங்கிக் கப்பலுக்காகக் காத்திருக்கும்.

அப்படிக் காத்திருக்கும் எண்ணெயைச் சூடாக்கியே ஆக வேண்டும். கச்சாச் செம்பனை எண்ணெய் நம் ஊர் வெயிலிலேகூடப் பாதி உறைந்து, கூழ் போலக் கிடக்கும். அதைக் குழாயில் தள்ள முடியாது. டாங்கியின் அடியில் சுருள் சுருளாகக் குழாய் போட்டு, வெந்நீரோ நீராவியோ ஓடவிட்டுச் சூடேற்றுவார்கள். இதற்கு உலக அளவில் ஒரு நடைமுறைக் குறிப்பு இருக்கிறது. கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பு எழுதிவைத்தது. சேமிப்பில் 32 முதல் 40 டிகிரி, ஏற்றி இறக்கும்போது 50 முதல் 55 டிகிரி. அதுவும் மெதுவாக, ஒரு நாளைக்கு ஐந்து டிகிரிக்கு மேல் ஏற்றக்கூடாது. அவசரப்பட்டால் சுருளை ஒட்டிய எண்ணெய் கருகித் தரம் கெடும். ஆகவே இந்த வியாபாரத்தில் எண்ணெய் ஒரே சூட்டில் இருப்பதே இல்லை. ஆலையில் ஒரு சூடு, லோரியில் ஒன்று, டாங்கியில் ஒன்று, கப்பலில் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் அதே எண்ணெய் வெவ்வேறு லிட்டர்.

காரணம் எளிமையானது. சூடு ஏற ஏறத் திரவத்தின் மூலக்கூறுகள் வேகமாக அசைகின்றன. அசைவு கூடினால் ஒன்றுக்கொன்று சராசரியாக விலகி நிற்கின்றன. எடை அதேதான், இடம் மட்டும் கூடுகிறது. எவ்வளவு கூடும் என்பதில்தான் பொருளுக்குப் பொருள் வித்தியாசம். ஆயிரம் லிட்டர் தண்ணீர் நம் ஊர்ச் சூட்டில் ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.3 லிட்டர் கூடும். செம்பனை எண்ணெய் 0.75 லிட்டர். பெட்ரோல் 0.95 லிட்டர். பார்க்கச் சின்ன எண்கள். வாணலியில் வைத்துப் பார்த்தால் தெரியும்: 30 டிகிரியில் ஒரு லிட்டர் எண்ணெய், முறுக்குப் போடும் 180 டிகிரிக்கு வரும்போது 1.1 லிட்டரைத் தாண்டியிருக்கும். தீபாவளிக்குப் பலகாரம் சுடும்போது இரும்புச் சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதே என்று நம் அம்மாக்கள் சொன்னதற்கு, மாவின் ஈரம் பொங்குவது ஒரு காரணம் என்றால், எண்ணெயே எழும்பி நிற்பது இன்னொன்று.

சட்டியும் விரியத்தானே செய்யும்? விரியும். அதே 150 டிகிரி ஏற்றத்தில் இரும்புச் சட்டியின் கொள்ளளவு லிட்டருக்கு ஐந்து மில்லிலிட்டர் போலத்தான் கூடும். எண்ணெய் நூறு மில்லிலிட்டருக்கு மேல் கூடுகிற இடத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துறைமுகத்தில் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், பாத்திரம் விரிந்தால் உள்ளே இடம் கூடுமா குறையுமா என்ற சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். இதைப் பலரும் தலைகீழாக நினைப்பதைப் பார்த்திருக்கிறேன். உலோகம் தடித்து உள்பக்கமாகப் பெருத்து, ஓட்டை சின்னதாகிவிடும் என்று எண்ணுகிறார்கள்.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. எங்கள் தாத்தா இருந்த தோட்டத்தில் வண்டி இருந்தது. பட்டை போடும் நாளில் அப்பா போய் நின்று பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். மரச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக வளைத்த இரும்புப் பட்டையை எரியும் விறகில் பழுக்கக் காய்ச்சுவார்கள். பட்டையின் சுற்றளவு நீள, உள்வட்டம் அகன்று, சக்கரத்தின் மேல் போய் உட்காரும். உடனே தண்ணீரைக் கொட்டினால் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். உள்ளே இருப்பது வெற்றிடமானாலும், அந்த இடத்திலும் அதே இரும்பே இருந்திருந்தால் எவ்வளவு விரியுமோ அவ்வளவு அந்த வெற்றிடம் விரிகிறது. போத்தல், சட்டி, டாங்கி எல்லாவற்றுக்கும் இதுவே விதி.

ஆகவே நாம் ஒரு பாத்திரத்தைச் சூடாக்கி, திரவத்தின் மட்டம் ஏறுவதைப் பார்க்கும்போது, பார்ப்பது திரவத்தின் முழு விரிவை அல்ல. திரவம் விரிந்ததிலிருந்து பாத்திரம் விரிந்ததைக் கழித்த மிச்சத்தை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் இதைக் கண்ணால் காணலாம். ஒரு கண்ணாடிக் குடுவையில் சாயம் கலந்த தண்ணீரை முட்ட நிரப்பி, மெல்லிய குழாய் செருகிய அடைப்பானால் மூடி, குடுவையைச் சட்டென்று வெந்நீரில் இறக்குங்கள். குழாயில் தண்ணீர் ஏறும் என்று காத்திருக்கும் பிள்ளைகள் முன்னால், அது முதலில் கொஞ்சம் கீழே இறங்கும். சூடு முதலில் கண்ணாடிக்குத்தான் போகிறது. கண்ணாடி விரிந்து இடம் தர, இன்னும் சூடேறாத தண்ணீர் தாழ்கிறது. பிறகு சூடு உள்ளே சேர்ந்ததும் மட்டம் விறுவிறுவென்று ஏறும். இந்த ஒரு நிமிடத்தைப் பார்த்த பிள்ளை பாத்திரத்தை மறக்காது.

அப்படியானால் திரவத்தின் உண்மையான விரிவை அளப்பது எப்படி? எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அதுவும் விரிந்து கணக்கைக் கெடுக்கிறதே? பிரான்சில் தூலோங், பெத்தி என்ற இருவர் 1817, 1818 வாக்கில் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகப் பிடித்தது. ஆங்கில 'யு' எழுத்தைப் போல வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றினார்கள். ஒரு கையை உருகும் பனிக்கட்டியில் வைத்தார்கள், மறு கையைச் சூடாக்கினார்கள். அடியில் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக வேண்டும். அழுத்தம் உயரத்தையும் அடர்த்தியையும் மட்டும் பொறுத்தது; குழாய் அகலமா குறுகலா என்பது அதற்குக் கணக்கே இல்லை. ஆகவே கண்ணாடி விரிந்தாலும் கவலையில்லை. சூடான பக்கம் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று அளந்தால் பாதரசத்தின் சொந்த விரிவு கிடைத்துவிடும். டிகிரிக்கு 5,550-இல் ஒரு பங்கு என்று கண்டார்கள். அது இன்றைய மதிப்பை ஒட்டியே நிற்கிறது. பாதரச வெப்பமானியும் இந்தக் கழித்தலில்தான் வேலை செய்கிறது. ஒரு டிகிரிக்குப் பாதரசம் ஆயிரத்துக்கு 0.18 பங்கு விரிகிறது, சாதாரணக் கண்ணாடி 0.025 பங்கு. நாம் படிப்பது இரண்டுக்கும் உள்ள இடைவெளியை.

இனித் துறைமுகத்துக்கு வருகிறேன்.

டாங்கியின் ஏணியில் ஏறி, மேலே உள்ள திறப்பு வழியாக, நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும் எஃகு நாடாவை இறக்கி எண்ணெயின் உயரத்தை அளப்போம். இதற்கு 'டிப்' எடுப்பது என்று பெயர். அடி, நடு, மேல் என்று மூன்று ஆழத்தில் சூட்டை அளப்போம், ஏனென்றால் சுருள் பக்கத்தில் இருக்கும் எண்ணெயும் மேல்மட்டத்து எண்ணெயும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. மாதிரி எடுப்போம். ஒவ்வொரு டாங்கிக்கும் இத்தனை உயரத்துக்கு இத்தனை கனமீட்டர் என்று ஓர் அட்டவணை உண்டு. அதில் வரும் கொள்ளளவை அந்தச் சூட்டில் உள்ள அடர்த்தியால் பெருக்கினால் எடை.

ஓர் உதாரணம் போடுவோம். அட்டவணை 2,000 கனமீட்டர் என்கிறது. எண்ணெய் 50 டிகிரி, அடர்த்தி லிட்டருக்கு 890 கிராம். பெருக்கினால் 1,780 டன். இப்போது சூட்டை ஒரே ஒரு டிகிரி தப்பாகப் படித்துவிட்டோம் என்று வையுங்கள். செம்பனை எண்ணெயின் அடர்த்தி டிகிரிக்கு லிட்டருக்கு 0.68 கிராம் மாறும். 2,000 கனமீட்டருக்கு அது 1.36 டன். டன் 4,000 ரிங்கிட் என்றால் ஐயாயிரத்துக்கு மேல், ஒரு டிகிரியில். அதனால்தான் வெப்பமானியை இறக்கி உடனே இழுக்காமல், அது எண்ணெயின் சூட்டுக்கு வரும்வரை வெயிலில் நின்று காத்திருக்கிறோம். புதிதாக வரும் பிள்ளைகள் இந்தக் காத்திருப்பில்தான் பொறுமை இழப்பார்கள். அவர்களிடம் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் அந்த ஐயாயிரம் ரிங்கிட். அது யாரோ ஒருவருடைய நியாயமான பணம்.

அடுத்தது டாங்கி. அதன் அட்டவணை ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு எழுதப்பட்டது. 30 டிகிரிக்கு என்று வைப்போம். எண்ணெய் 50 டிகிரியில் இருக்கும்போது எஃகுச் சுவர் விரிந்து, டாங்கியின் குறுக்குப் பரப்பு பத்தாயிரத்துக்கு ஏறக்குறைய ஐந்து பங்கு கூடியிருக்கும். 2,000 கனமீட்டரில் இது 0.96 கனமீட்டர், எடையில் சுமார் 850 கிலோ. சட்டியில் கண்ணுக்குத் தெரியாதது இங்கே ஒரு டன்னை நெருங்குகிறது. அளக்கும் நாடாவும் எஃகுதான், அதுவும் விரியும். 20 டிகிரிக்குச் சரிபார்த்த பத்து மீட்டர் நாடா 50 டிகிரியில் 3.6 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அளக்கப்படுவது, அளக்கும் கலம், அளவுகோல் மூன்றும் ஒரே நேரத்தில் மாறுகின்றன.

எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி இங்கேதான் சரியான கேள்வி கேட்டான். "அண்ணே, டாங்கி பெருசானா எண்ணெ மட்டம் எறங்கத்தானே செய்யும்? அப்புறம் ஏன் நாம கணக்குல கூட்டறோம், கழிக்க வேண்டாமா?"

"மட்டம் இறங்குன பெறகுதானே நீ டிப் எடுத்தே? இறங்குனது உன் நாடாவுலயே வந்துடுச்சு. இப்ப அந்த உயரத்தை வச்சு அட்டவணையைப் பாக்கற. அட்டவணைக்குத் தெரிஞ்சது முப்பது டிகிரியில இருந்த சின்ன டாங்கி. நீ நிக்கறது பெரிய டாங்கி மேல. அந்த வித்தியாசத்தைத்தான் கூட்டறோம்."

கொஞ்ச நேரம் நாடாவைத் துடைத்தபடி யோசித்தான். பிறகு, "அப்ப கழிச்சிருந்தா ரெண்டு தடவ தப்பாயிருக்கும்" என்றான். ஆமாம், சரியாகப் பிடித்தான்: சேர்க்க வேண்டியதைச் சேர்க்காதது ஒன்று, அதையே எடுத்தது இன்னொன்று.

இவ்வளவு கணக்கும் கடைசியில் டன் என்ற ஒரு சொல்லுக்காக. எண்ணெய் எந்தச் சூட்டில் ஏறினாலும் எந்தச் சூட்டில் இறங்கினாலும் கப்பல் தாளில் டன் அப்படியே நிற்கும். மளிகைக் கடைப் பாக்கெட்டில் கிலோ என்று அச்சடித்திருப்பதும் வாங்குகிறவருக்கு இதே பாதுகாப்பைத் தருகிறது.

லிட்டரில் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் நடந்ததைச் சொல்லலாம். அங்கே சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டுகள் லிட்டரில் விற்கின்றன. சில நிறுவனங்கள் ஒரு லிட்டர் என்று போட்டு, பக்கத்திலேயே அது 60 டிகிரி வரைக்கும் உயர்ந்த சூட்டில் உள்ள அளவு என்று அச்சிட்டு வந்தன. சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919 கிராம் எடை. 60 டிகிரியிலோ சுமார் 892 கிராம்தான். அதாவது பாக்கெட்டுக்கு 26, 27 கிராம் குறைவாக ஊற்றிவிட்டு, அதையும் ஒரு லிட்டர் என்று சொல்ல முடியும். வாங்கியவர் வீட்டில் எண்ணெய் 60 டிகிரியிலா இருக்கப் போகிறது? இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் தலையிட்டு, சூட்டைக் குறிப்பிடாமல் அளவைப் போடுங்கள், கூடவே எடையையும் போடுங்கள், 2023 ஜனவரி 15-க்குள் திருத்துங்கள் என்று அறிவுறுத்தியது. தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பாக்கெட்டில் லிட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கிராமைப் பாருங்கள், அதை வைத்து விலையை ஒப்பிடுங்கள்.

பெட்ரோல் நிலையத்தில் இன்னும் லிட்டர்தான். விடியற்காலையில் போட்டால் குளிர்ந்த பெட்ரோல் அதிகம் கிடைக்கும் என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். இயற்பியல் சரி, சூழ்நிலைதான் பொருந்தவில்லை. பெட்ரோல் பூமிக்கடியில் உள்ள டாங்கியில் இருக்கிறது. பகல் வெயில் அங்கே ஒரே நாளில் இறங்குவதில்லை. இரண்டு டிகிரி வித்தியாசம் என்றே வைத்துக்கொண்டாலும், 40 லிட்டருக்கு 76 மில்லிலிட்டர். ஏறக்குறைய பதினைந்து காசு. அதற்காகத் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. ஆனால் மொத்த வியாபாரத்தில் இது பெரிய தொகை. அதனால் பெட்ரோலியத் தொழில் உலகெங்கும் 15 டிகிரி போன்ற ஒரு பொதுச் சூட்டுக்கு லிட்டரை மாற்றிக் கணக்கிடுகிறது. கனடாவில் சில்லறை பம்புகளே அந்தத் திருத்தத்தைச் செய்து காட்டுகின்றன. நிலையத்தில் கவனிக்க வேண்டியது வேறு. பம்பு 'கிளிக்' என்று தானாக நின்ற பிறகும் வாய்வரை அழுத்தி நிரப்பாதீர்கள். 50 லிட்டர் பெட்ரோல், வெயிலில் நிறுத்திய காரில் 15 டிகிரி ஏறினால் அரை லிட்டருக்கு மேல் கூடும். அது போக ஓர் இடம் வேண்டும்.

இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்த விஷயத்தில் உயிரோடு விளையாடும் பகுதி. திறந்த பாத்திரத்தில் திரவம் வழிந்துவிடும். முழுக்க நிறைந்து, இறுக மூடிய எஃகுக் கலத்தில் வழிய வழியில்லை. எஃகு தரும் கூடுதல் இடமோ திரவம் கேட்பதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. திரவத்தை அமுக்குவதும் மிகக் கடினம். ஆகவே ஒரு டிகிரி ஏறினாலே உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல மடங்கு எகிறும். எங்கள் டாங்கிப் பண்ணையில் இரண்டு வால்வுகளுக்கு நடுவே எண்ணெயோடு அடைபட்டு வெயிலில் கிடக்கும் குழாய்கூட இதே அபாயத்தில் இருக்கிறது. அதற்காகவே அழுத்தத்தைத் தானாக விடுவிக்கும் சின்ன வால்வுகளை வைக்கிறார்கள். அதைப் பொருத்தாத குழாயை நம்பி நான் பக்கத்தில் நிற்க மாட்டேன்.

வீட்டில் இதற்கு நிகரானது சமையல் எரிவாயுத் தோம்பு. உள்ளே இருப்பது அழுத்தத்தில் திரவமாக்கிய வாயு. அந்தத் திரவம் சூட்டில் செம்பனை எண்ணெயைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். அதனால் தோம்பில் 80, 85 விழுக்காட்டுக்கு மேல் திரவத்தை நிரப்புவதில்லை. மேலே காலியாக இருப்பது ஆவிக்கும் விரிவுக்குமான இடம். 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினில் லாஸ் அல்ஃபாக்கெஸ் என்ற கடற்கரை முகாம் அருகே, கோடை வெயிலில், திரவ புரொப்பிலீன் ஏற்றி வந்த டாங்கி லோரி வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 19 டன் ஏற்ற வேண்டிய டாங்கியில் 23 டன்னுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். விரிவுக்கென்று விட வேண்டிய இடத்தையும் சரக்கால் நிரப்பியிருந்தார்கள்.

தோம்பையும் லிட்டரில் நிரப்புவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் வீடுகளுக்கு வருவது 14 கிலோ அல்லது 12 கிலோ. நிரப்பும் இடத்தில் தராசின் மேல் வைத்து எடை பார்த்தே நிரப்புகிறார்கள், ஏனென்றால் அந்த நேரத்துச் சூடு எதுவானாலும் எடை மாறாது. மேலே விட வேண்டிய இடமும் அந்த எடையை வைத்தே முடிவு செய்யப்பட்டது. தோம்பின் கழுத்துப் பகுதியில் காலித் தோம்பின் எடையைப் பொறித்திருப்பார்கள். அதோடு 14-ஐயோ 12-ஐயோ, உங்கள் தோம்புக்கு உரியதைக் கூட்டினால் முழுத் தோம்பின் எடை வரும். அடுத்த முறை தோம்பு கொண்டுவரும் தம்பியை ஒரு நிமிடம் நிறுத்தி, அந்த எண்ணைப் படித்து, தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் உங்கள் காசு போகிறது. கூடியிருந்தால் தோம்பை வீட்டுக்குள் எடுக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.